அரசு முடங்கியும் ஆட்சி ஏன் கவிழ்வதில்லை? அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படைகள் குறித்து

வைகைக்கரை:

அமெரிக்காவில் மத்திய அரசு முடங்கிவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அலுவலகங்கள் மூடிக் கிடக்கும்போது அதிபர் மட்டும் எப்படிப் பதவியில் நீடிக்கிறார்? இதற்கு விடை தேடினால் அந்நாட்டு அரசியலமைப்பின் அடித்தளத்தையே தொட்டுவிடலாம் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். எந்தக் கட்சி நல்லது என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு, அமைப்பு இயங்கும் விதத்தை மட்டும் பேசுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் நீடித்த முடக்கத்தை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்டார்; பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகளைக் கொண்ட அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் தரவில்லை. அந்த ஆண்டுக்குரிய 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களில் ஐந்து முன்பே சட்டமாகியிருந்ததால் பாதுகாப்புத் துறை தப்பித்தது. மீதமுள்ள துறைகளில் ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயிர், உடைமைப் பாதுகாப்போடு தொடர்புடைய பணிகளில் இருந்ததால், சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. கடலோரக் காவல் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் வருவதால், ராணுவத்தினருக்குச் சம்பளம் கிடைத்தபோதும் அந்தப் படையினருக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் காரணமான விதி அரசியலமைப்பின் முதல் பிரிவில் இருக்கிறது. சட்டம் இயற்றி ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பதே அந்த விதி. முப்படைகளுக்கும் தலைவரான அதிபரால், காங்கிரஸ் ஒதுக்காத ஒரு டாலரைக்கூட எடுத்துச் செலவழிக்க முடியாது. அவர் காங்கிரஸில் உறுப்பினர் அல்லர். அங்கே ஒரு மசோதாவைத் தாமாகக் கொண்டுவரவும் அவரால் இயலாது. ஆண்டுதோறும் அவர் அனுப்பும் நிதிநிலை அறிக்கை, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுப்பப்படும் ஒரு கோரிக்கை மட்டுமே. மறுபக்கம், காங்கிரஸ் இயற்றும் எந்த மசோதாவும் அதிபரின் ஒப்புதலுக்குச் சென்றாக வேண்டும். அவர் மறுத்துத் திருப்பியனுப்பினால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால்தான் அது சட்டமாகும்.

அதாவது பிரதிநிதிகள் சபை, செனட், அதிபர் என்ற மூன்று இடங்களிலும் சம்மதம் கிடைத்தாக வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் யார் சொல் இறுதி என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. அமெரிக்க முறையை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

கீழைக்காற்று:

நண்பரின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இதை ஒரு பெருங்குறையாகவே நான் பார்க்கிறேன். நாடாளுமன்ற முறையில் நிதி மசோதா தோற்றால் அரசு விலக வேண்டும், அல்லது அவையைக் கலைத்து மக்களிடம் போக வேண்டும். 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபோது வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு. மக்கள் வாக்களித்து முடிச்சை அவிழ்த்தார்கள் என்பதுதான் முக்கியம். தலைவர்கள் பிடிவாதம் பிடிக்கும்போது சாதாரண ஊழியரின் வீட்டில் அடுப்பு எரியாமல் போகும் ஏற்பாட்டை எதற்காகக் கட்டிக்காக்க வேண்டும்? காங்கிரஸைக் கலைக்கும் அதிகாரத்தை அதிபருக்கோ, அதிபரை நீக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கோ ஏன் கொடுக்கவில்லை?

பொருநையாள்:

கீழைக்காற்று ஐயா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது.

கலைக்கும் அதிகாரத்தை முதலில் பார்ப்போம். குடியேற்றங்களாக இருந்த காலத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த சபைகள் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் ஆங்கிலேய அரசரின் பெயரால் ஆளுநர்கள் அவற்றைக் கலைத்தார்கள். 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம் அரசர்மீது அடுக்கும் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. அந்த வடு ஆறாதவர்களே 1787இல் அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடினார்கள்; மக்கள் சபையைக் கலைக்கும் உரிமையை இன்னொரு தனி மனிதரிடம் கொடுக்க அவர்கள் உடன்படவில்லை. ஆகவே பிரதிநிதிகளுக்கு இரண்டு ஆண்டு, அதிபருக்கு நான்கு ஆண்டு, செனட்டர்களுக்கு ஆறு ஆண்டு என்று காலம் நிலையாக வகுக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864இல்கூட அதிபர் தேர்தல் தள்ளிவைக்கப்படவில்லை.

அதிபரை நீக்குவது பற்றிய விவாதம் இன்னும் சுவையானது. அதிபரைக் காங்கிரஸே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் வர்ஜீனியாவின் முதல் திட்டம் சொன்னது; அந்தக் கோடைக்காலம் முழுவதும் மாநாடு பலமுறை அதை ஏற்று வாக்களித்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் காங்கிரஸின் தயவில் வாழ்வார், மறுதேர்வுக்காக அதன் விருப்பத்துக்கு இணங்குவார் என்ற அச்சம் விடாமல் தொடர்ந்ததால், செப்டம்பர் மாதத்தில், மாநாடு முடியும் தறுவாயில்தான், மாநிலந்தோறும் தேர்வாளர்களை நியமித்து அவர்கள் மூலம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. இன்று 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெற்றவர் அதிபராவது அதன் தொடர்ச்சியே. காங்கிரஸ் ஆக்காத ஒருவரை, நம்பிக்கை இழந்துவிட்டோம் என்ற காரணத்துக்காகக் காங்கிரஸ் நீக்க முடியாது. தேசத்துரோகம், லஞ்சம், அவற்றுக்கு ஒத்த பெருங்குற்றங்கள் ஆகியவற்றுக்காகப் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டி, செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் உறுதிசெய்தால்தான் பதவி போகும்.

1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் காங்கிரஸின் பெரும்பான்மையோடு முற்றிலும் முரண்பட்ட அதிபர். அவருக்கு எதிராக 35 செனட்டர்களும் ஆதரவாக 19 பேரும் வாக்களித்தார்கள். 36 வாக்குகள் தேவைப்பட்டதால் அவர் தப்பினார். வாஜ்பாய் ஒரு வாக்கில் போனார் என்றால் ஜான்சன் ஒரு வாக்கில் நின்றார். முன்னவர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இரு முறைகளின் வேறுபாடும் விளங்கும்.

சட்டமாணவி:

விவாதம் நல்ல திசையில் போகிறது. ஆனால் ஒரு செய்தியை இங்கே சேர்த்தாக வேண்டும். நிதி ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்களை மூட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. இருநூறு ஆண்டுக்கால வரலாற்றின் பெரும்பகுதியில் அப்படி நடந்ததும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுத் துறைகள், தங்களுக்கு ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடியும் முன்பே செலவழித்துவிட்டு, மேலும் பணம் வேண்டும் என்று காங்கிரஸின் முன் நின்றன. வேலை முடிந்துவிட்டது, கடன் ஏறிவிட்டது என்ற நிலையில் காங்கிரஸால் மறுக்க முடியவில்லை. இதைத் தடுப்பதற்கான சட்டங்களில் ஒன்றாக 1884இல், அவசரத் தேவைகளுக்கன்றி ஊதியமில்லாச் சேவையைக்கூட அரசு ஏற்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. இன்று இலவசமாக உழைத்தவர் நாளை ஊதியம் கேட்பார் என்பதே காரணம். அந்தச் சட்டம் இருந்தும், 1970களில் ஒதுக்கீடு தாமதமானபோது துறைகள் செலவைச் சுருக்கிக்கொண்டு வழக்கம்போல் இயங்கின. 1980 ஏப்ரலில், கார்ட்டர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அந்தப் பழைய சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்து, ஒதுக்கீடு இல்லாத துறை தன் பணியை நிறுத்த வேண்டும் என்று கருத்துரை எழுதினார். அடுத்த சில நாட்களிலேயே, மே 1 அன்று, கூட்டரசு வர்த்தக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 ஜனவரியில் அவரே எழுதிய இரண்டாம் கருத்துரையில்தான் உயிர், உடைமைப் பாதுகாப்புக்கான விதிவிலக்கு விரிவாக வரையறுக்கப்பட்டது. நாம் இன்று காணும் முடக்கம் இந்த இரு கருத்துரைகளின் பிள்ளை.

ஆகையால் கீழைக்காற்று ஐயா, நீங்கள் சொல்லும் அடுப்பு எரியாத அவலத்துக்கு 1787இல் கூடியவர்கள் நேரடிப் பொறுப்பல்லர். சம்மதம் இல்லாமல் செலவு கூடாது என்பது அவர்கள் வகுத்தது. சம்மதம் தாமதமாகும் இடைவேளையில் என்ன செய்வது என்பதைச் சாதாரணச் சட்டம் ஒன்றே மாற்றி எழுதிவிடலாம்.

நெடுவழி:

ஒரு சிறு ஐயம். 2018 டிசம்பரில் அதிபர், பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் குடியரசுக் கட்சியிடமே இருந்தன. அப்படியிருக்க மசோதா ஏன் நிறைவேறவில்லை?

சட்டமாணவி:

செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போவதற்கே 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். அவர்களிடம் 51 பேரே இருந்தனர். இந்த 60 என்ற எண் அரசியலமைப்பில் இல்லை. செனட் தன் நடைமுறை விதியாக வைத்துக்கொண்டது. 1917இல் முதன்முறையாக விவாதத்தை முடிக்கும் விதி வந்தது, 1975இல் அது இன்றைய அளவுக்குத் தளர்த்தப்பட்டது, நீதிபதிகளையும் அதிகாரிகளையும் உறுதிசெய்வதற்கு மட்டும் 2013இலும் 2017இலும் அது நீக்கப்பட்டது. எங்கெங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று அரசியலமைப்பு நினைத்ததோ அங்கெல்லாம் அதை எழுதியே வைத்திருக்கிறது. ஒப்பந்தம், பதவிநீக்கம், அதிபரின் மறுப்பை மீறுதல், அரசியலமைப்புத் திருத்தம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சாதாரண மசோதாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

வைகைக்கரை:

சட்டமாணவி சொன்னதை ஏற்றுக்கொண்டு கதையின் அடுத்த பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் 2019 பிப்ரவரியில் நடந்தது முடக்கத்தைவிடவும் முக்கியமானது.

முடக்கம் முடிந்த பிறகு காங்கிரஸ் எல்லைத் தடுப்புக்கு 137.5 கோடி டாலர் மட்டும் ஒதுக்கியது. அதிபர் அந்த மசோதாவில் கையொப்பமிட்டார்; அதே நாளில், பிப்ரவரி 15 அன்று, 1976ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டத்தின்கீழ் அவசரநிலையை அறிவித்து, ராணுவக் கட்டுமானத்துக்கான நிதியிலிருந்து 360 கோடி டாலர் வரை சுவருக்குத் திருப்ப முனைந்தார். காங்கிரஸ் கேட்டபடி தர மறுத்த பணத்தை அதே காங்கிரஸ் முன்பு இயற்றிய இன்னொரு சட்டத்தின் வழியாக எடுப்பதுதான் இந்த உத்தி.

அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 245க்கு 182 என்றும், செனட் 59க்கு 41 என்றும் நிறைவேற்றின. செனட் அதிபரின் கட்சியிடம் இருந்தும் அவர் கட்சியைச் சேர்ந்த 12 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தது சிறிய செய்தி அன்று. மார்ச் 15 அன்று அதிபர் தீர்மானத்தை மறுத்தார். பிரதிநிதிகள் சபையில் மறு வாக்கெடுப்பில் 248 பேர் ஆதரித்தும் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. இரு அவைகளின் பெரும்பான்மையும் வேண்டாம் என்ற அவசரநிலை தொடர்ந்தது.

பொருநையாள்:

1976இல் அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் இப்படி நேரும் என்று நினைக்கவில்லை. அதிபரின் கையொப்பம் தேவைப்படாத, இரு அவைகளின் பொதுத் தீர்மானத்தாலேயே அவசரநிலையை முடித்துவிடலாம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கதவு மூடியது எப்படி என்பதை அறிய ஓர் இந்திய வம்சாவளி மாணவரின் வழக்கைப் பார்க்க வேண்டும்.

ஜகதீஷ் ராய் சத்தா கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். 1966இல் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தார். 1972இல் விசா முடிந்தது. கென்யாவுக்கும் பிரிட்டனுக்கும் திரும்ப வழி இல்லை. குடிவரவு நீதிபதி அவர்மீது இரக்கம் காட்டி வெளியேற்றத்தை நிறுத்திவைத்தார். ஆனால் அப்படி நிறுத்திவைக்கும் முடிவை ஓர் அவை மட்டுமே தீர்மானம் போட்டு ரத்து செய்யலாம் என்று குடிவரவுச் சட்டம் அனுமதித்தது. 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, தன் முன் வந்த 340 பேரில் சத்தா உட்பட ஆறு பேரை, விவாதமும் பதிவான வாக்கெடுப்பும் இல்லாமல் வெளியேற்ற முடிவெடுத்தது.

ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1983 ஜூனில், உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் சத்தாவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு மனிதரின் சட்ட உரிமையை மாற்றும் எந்த முடிவும் சட்டம் இயற்றுவதற்கு ஒப்பானது; அதற்கு இரு அவைகளின் சம்மதமும் வேண்டும், அதிபரின் முன்னும் அது வைக்கப்பட வேண்டும்; ஒன்றைத் தவிர்த்தாலும் செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். அந்த ஒரு தீர்ப்பால் ஏறத்தாழ 200 சட்டங்களில் இருந்த இதுபோன்ற ஏற்பாடுகள் பாதிக்கப்படும் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஒயிட் எச்சரித்தார். அவசரநிலைச் சட்டமும் அவற்றில் ஒன்று. 1985இல் காங்கிரஸ் அதைத் திருத்தி, அதிபரின் முன் செல்லும் கூட்டுத் தீர்மானமாக மாற்றியது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அதிகாரத்தைக் கொடுக்கும்போது காங்கிரஸுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். திரும்பப் பெற நினைத்தால், அதிபர் தாமாக இணங்கினாலன்றி, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சத்தாவுக்குக் கிடைத்த நீதியில் எனக்கு எள்ளளவும் மறுப்பு இல்லை. ஓர் அவை கையை உயர்த்தி ஒருவரை நாடு கடத்துவது கொடுமை. ஆயினும் அதன் பிறகு காங்கிரஸ் தான் கொடுத்த நூற்றுக்கணக்கான அதிகாரங்களைக் காலவரம்பிட்டுத் திருத்தி எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்கு நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது.

கீழைக்காற்று:

அப்படியானால் அதிபர் காங்கிரஸைச் சுற்றிக்கொண்டு போகும்போது தடுக்க யார் இருக்கிறார்கள்? உச்ச நீதிமன்றம் என்றால், அதன் நீதிபதிகளை நியமிப்பவரும் அதிபர்தானே?

வைகைக்கரை:

செனட்டின் ஒப்புதலோடு அதிபர் நியமிக்கிறார். அதன் பிறகு அவர்களை நீக்கவோ சம்பளத்தைக் குறைக்கவோ அவரால் முடியாது. அந்தப் பாதுகாப்பு என்ன செய்யும் என்பதற்கு 1952ஆம் ஆண்டின் எஃகு ஆலை வழக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானார்கள். போர்க்களத்தில் ஆயுதத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சிய அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று ஒரு நிர்வாக ஆணையால் நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் கையில் எடுத்தார். அவருடைய கவலை போலியானது அன்று. ஆனால் 1947இல் தொழிலாளர் சட்டத்தை விவாதித்தபோது, ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தரலாமா என்று ஆராய்ந்து, வேண்டாம் என்று காங்கிரஸ் முடிவெடுத்திருந்தது.

அன்றைய ஒன்பது நீதிபதிகளும் ஜனநாயகக் கட்சி அதிபர்களான ரூஸ்வெல்ட்டாலும் ட்ரூமனாலும் நியமிக்கப்பட்டவர்கள். ஜூன் 2 அன்று 6க்கு 3 என்று அவர்கள் ட்ரூமனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்; ட்ரூமனே நியமித்த நால்வரில் இருவர் அந்த ஆறு பேரில் இருந்தனர். அவர் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் தொடங்கி ஏழு வாரங்களுக்கும் மேலாக நீடித்தது.

அந்த வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியே எழுதிய கருத்துரைதான் இன்றும் வழிகாட்டுகிறது. காங்கிரஸின் அனுமதியோடு செயல்படும் அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் எதுவும் சொல்லாத இடத்தில் அது மங்கலானது. காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும்போது அது மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வகுத்தார். அதிபரின் அதிகாரம் எவ்வளவு என்ற கேள்விக்கு நிலையான அளவு கிடையாது, காங்கிரஸ் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

2019இன் சுவர் வழக்குகள் இந்த மூன்றில் எந்த நிலையைச் சேர்ந்தவை என்பதே வாதமாக இருந்தது. கீழ் நீதிமன்றங்களில் அரசுக்கு எதிராகத் தீர்ப்புகள் வந்தன. வழக்கு நடக்கும்போதே பணத்தைச் செலவிட உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்று அந்த அவசரநிலையை முடித்ததால், உச்ச நீதிமன்றத்தின் இறுதி விடை வரவே இல்லை.

நெடுவழி:

முடக்கம் நடந்த நாட்களில் அங்கே பள்ளிகளும் காவல் நிலையங்களும் நகரப் பேருந்துகளும் வழக்கம்போல் இயங்கியதைச் செய்திகளில் கண்டேன். அது எப்படி என்று யாராவது விளக்க முடியுமா?

பொருநையாள்:

அவை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உரியவை. மத்திய அரசுக்கு எழுத்தில் தரப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும் என்று 1791இல் சேர்ந்த பத்தாம் திருத்தம் கூறுகிறது. மாநிலங்களுக்குத் தனி அரசியலமைப்பு, தனி வரி, தனி நீதிமன்றங்கள் உண்டு. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் சட்டத்தை நிறைவேற்றும்படி கட்டளையிட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2013ஆம் ஆண்டு முடக்கத்தின்போது அரிசோனா மாநிலம் தன் பணத்தைக் கட்டி கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவைத் திறந்துவைத்ததும், நியூயார்க் மாநிலம் சுதந்திர தேவி சிலைக்கு அதையே செய்ததும் நினைவிருக்கலாம்.

கீழைக்காற்று:

அனைவருக்கும் நன்றி. அமைப்பின் நோக்கம் எனக்கு இப்போது விளங்குகிறது. ஊழியர்கள் பலியாவது மட்டும் இன்னமும் ஏற்கத்தக்கதாக இல்லை. சட்டமாணவி சொன்னதுபோல் சாதாரணச் சட்டமே போதும் என்றால் ஏன் இன்னும் செய்யவில்லை?

சட்டமாணவி:

ஒரு பகுதி செய்யப்பட்டிருக்கிறது. முடக்கம் முடிந்ததும் நிலுவைச் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்று 2019 ஜனவரியில் சட்டம் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமோ நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து வருவதால் முடக்கத்தில் நிற்பதில்லை. அதை நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால் உறுப்பினர் ஊதியத்தை மாற்றும் எந்தச் சட்டமும் அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று, 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல்தான் நிறைவேறிய 27ஆம் திருத்தம் குறுக்கே நிற்கிறது.

முழுத் தீர்வு என்று பேசப்படுவது, புதிய ஒதுக்கீடு வரும்வரை சென்ற ஆண்டின் அளவிலேயே செலவு தானாகத் தொடரும் என்ற சட்டம். அத்தகைய மசோதாக்கள் இரு கட்சியினராலும் கொண்டுவரப்பட்டு நிறைவேறாமல் நின்றிருக்கின்றன. அரசியலமைப்புத் திருத்தத்துக்குத் தேவைப்படும் 38 மாநிலங்களின் ஒப்புதல் இதற்கு வேண்டாம். இரு அவைகளும் அதிபரும் சம்மதித்தால் போதும். தயக்கத்துக்குக் காரணம், காங்கிரஸ் கையில் எஞ்சியிருக்கும் வலுவான பிடி ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று பணம் தீர்ந்துபோகிறது என்பதே. தரைப்படைக்கான ஒதுக்கீடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது என்று 1787இல் எழுதியவர்களும் இதே எண்ணத்தோடுதான் எழுதினார்கள். பணம் தானாகத் தொடரும் என்று ஆகிவிட்டால், காங்கிரஸின் சொல்லைக் கேளாத அதிபரிடம் அது காட்ட என்ன மிஞ்சும் என்று தயங்குகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த வாதத்துக்கு வலு உண்டு என்று ஒப்புக்கொண்டே, ஊழியரின் சம்பளத்தை மட்டுமாவது தானாகத் தொடரும் செலவுகளில் சேர்த்துவிட்டு மற்றவற்றை இப்போதுள்ளபடியே விடலாம் என்பதே என் நிலை.